சிறுதொழிலுக்கு மாணவர் துணை: கனடா தேசத்து அநுபவம்

கனடா தேசத்தில் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாத் தொற்றின் காரணமாகக் கடைவீதிகள் மூடப்பட்டபொழுது, இரண்டு சாரார் ஒரே சமயத்தில் கையறு நிலையை அடைந்தனர். ஒரு சாரார் சிறு கடைக்காரர்கள். பெரிய ஸ்தாபனங்கள் இணையத்தின் வாயிலாகத் தம் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்திவர, தெருமுனையில் ரொட்டிக்கடையோ, தையற்கடையோ, பூக்கடையோ வைத்திருந்தவர்கள், வாசற்கதவு ஒன்றையே நம்பிப் பிழைத்தவர்களாதலால், அக்கதவு அடைபட்டதும் வருவாயின்றி நின்றனர். மற்றொரு சாரார் கல்லூரி மாணவர்கள். மே முதல் ஆகஸ்டு வரையுள்ள கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு வேலை செய்து, அடுத்த ஆண்டின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியையேனும் தேடிக்கொள்வது அந்நாட்டு மாணவரின் வழக்கம். அவ்வாண்டுக் கோடையில் அவ்வேலைகளில் பல இல்லாமற் போயின.

கடைக்காரருக்குத் தெரியாத வித்தை மாணவருக்குத் தெரியும். ஆனால் மாணவருக்கு உரிய சம்பளத்தைக் கொடுக்கக் கடைக்காரரிடம் பணம் இல்லை. தறி ஒருவர் வீட்டிலும் பாவு மற்றொருவர் வீட்டிலும் கிடந்தால் துணி எப்படி உண்டாகும்? இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவதற்குச் சர்க்கார் செலவு செய்ய முன்வந்தது. அந்த ஏற்பாட்டின் வரலாற்றையும், அதில் கிடைத்த இலாப நஷ்டங்களையும் நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது இக்காலத்தில் மிகவும் அவசியம் என்று கருதுகிறோம். நெசவாளர் சங்கங்களும் விளைவிப்போர் சங்கங்களும் இன்று எதிர்கொண்டிருக்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

2020 மே மாதத்தில் டொராண்டோ நகரத்தில் 'ஷாப்ஹியர்' என்ற பெயரால் ஒரு காரியம் தொடங்கப்பட்டது. சுயேச்சையாகத் தொழில் நடத்தும் சிறு கடைக்காரர்களுக்கும் கலைஞர்களுக்கும் கட்டணமின்றி இணையக் கடை அமைத்துக் கொடுப்பது அதன் நோக்கம். அக்கடைகளை அமைக்கும் வேலையில் மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். அடுத்த மாதமே தேசிய சர்க்காரும் ஒண்டாரியோ மாகாண சர்க்காரும் சேர்ந்து 5 கோடியே 70 இலட்சம் டாலரை இவ்வகை வேலைக்கு ஒதுக்குவதாக அறிவித்தன. ஒண்டாரியோவில் 22,900 தொழில்கள் வரை இதனாற் பயன்பெறும் என்றும், 1,400-க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றும் அப்பொழுது கூறப்பட்டது.

இது ஒரே இரவில் முளைத்த யோசனை அன்று. 2016-ஆம் ஆண்டிலேயே டொராண்டோ நகரசபையும், அந்நகரத்துக் கடைவீதிச் சங்கங்களின் கூட்டமைப்பும் இணைந்து 'டிஜிட்டல் மெயின் ஸ்ட்ரீட்' என்னும் ஏற்பாட்டை நிறுவியிருந்தன. இப்பெயரை நம் பாஷையில் 'கணினிக் கடைவீதி' என்று சொல்லிக்கொள்ளலாம். கடைக்காரர் வகுப்புக்கு வரவேண்டும் என்று காத்திராமல், பயிற்சி பெற்ற இளைஞர் குழுக்கள் கடைகடையாகச் சென்று, கல்லாவுக்கு அருகிலேயே நின்று, இன்ன இன்ன செய்யலாம் என்று காட்டிக்கொடுத்தமை இதன் சிறப்பு. பிற்பாடு இது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கடை ஒன்றுக்கு 2,500 டாலர் மான்யமும் சேர்ந்தது. கடைக்காரர்கள் தனித்தனியே சர்க்காரை அணுகவில்லை என்பதையும், கடைவீதிச் சங்கம் என்ற அமைப்பு நடுவில் நின்றே இதை நடத்திற்று என்பதையும் கூட்டுறவாளர்கள் கவனிக்கவேண்டும். ஒரு வீதிக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் அங்கத்தினர் ஜாபிதா இருந்தது. எந்தக் கடை எதற்குத் திண்டாடுகிறது என்பதைச் சங்கம் அறிந்திருந்தது. இந்த அஸ்திவாரம் முன்னமேயே இருந்திராவிட்டால், 2020-இல் கோடை முடிவதற்குள் எதுவும் நடந்திராது.

இதற்கும் முந்தியது ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில், இணையம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த நாளில், கனடா சர்க்காரின் தொழில் இலாகா மாணவர்களைச் சிறு வியாபாரிகளிடம் அனுப்பி, இணையத்தைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தது. கருவிகள் மாறினவேயன்றி, முறை மாறவில்லை.

'கூட்டுறவு' என்ற சொல் அங்கே

இங்கே ஒரு சிறு விஷயத்தைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் முறைக்கு வட அமெரிக்காவில் 'கூட்டுறவுக் கல்வி' என்றே பெயர். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களைக்கொண்டு இதனைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பில் பாடம், மறு வாரம் தொழிற்சாலையில் வேலை என்பது அவர் வகுத்த ஒழுங்கு. கனடாவில் 1957-ஆம் ஆண்டு தொடங்கிய வாட்டர்லூ சர்வகலாசாலை இம்முறையைத் தன் அடிப்படையாகவே கொண்டது. இன்று அங்கே 20,000-க்கு மேற்பட்ட மாணவர்கள், ஏறக்குறைய நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறிமாறிக் கழித்துப் பட்டம் பெறுகின்றனர்.

நம் கூட்டுறவுக்கும் அந்தக் கூட்டுறவுக்கும் சொல்லளவில்தான் உறவு. அங்கே கூட்டாளிகள் இருவர்: கல்லூரியும் முதலாளியும். பங்குத்தொகை இல்லை, பொதுக்குழு இல்லை. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. வேலை கொடுப்பவர் மாணவரைச் சொற்பக் கூலிக்கு அகப்பட்ட ஆளாக நினைத்தாலும், மாணவர் அந்தக் கடையை நான்கு மாதச் சத்திரமாக நினைத்தாலும் காரியம் கெட்டுவிடும். இருபக்கத்தாருக்கும் கடமை உண்டு என்பதை எழுதிவைத்து, கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இறுதியில் மாணவரின் வேலைக்கு மதிப்பீடும் பெறுகிறபடியால்தான் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறது.

பணம் சென்ற வழி

மான்யத்தின் கணக்கைச் சற்று விவரமாகப் பார்ப்போம். ஏனெனில் கணக்கில்தான் ஓர் ஏற்பாட்டின் உள்ளம் வெளிப்படும்.

2017-ஆம் ஆண்டில் தேசிய சர்க்கார் ஒரு மாணவர் பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. மாணவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஸ்தாபனத்திற்கு, அவர் சம்பளத்தில் பாதி, 5,000 டாலருக்கு மேற்படாமல், திரும்பக் கொடுக்கப்பட்டது. முதலாண்டு மாணவர்கள், ஆதிக்குடிகள், அங்கவீனர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் முதலியோரை வைத்துக்கொண்டால் நூற்றுக்கு எழுபது வீதம், 7,000 டாலர் வரை கிடைத்தது. இதில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. ஸ்தாபனம் முன்னர் வைத்திருந்த மாணவர் எண்ணிக்கைக்கு மேற்பட்ட புதிய இடத்திற்கே மான்யம் என்பது அது. மான்யம் கிடைக்கிறதென்று சம்பளக்காரரை விலக்கிவிட்டு, அந்த நாற்காலியில் மாணவரை அமர்த்துவதை இத்தகைய நிபந்தனைகள் இல்லாமல் தடுக்க இயலாது. தொற்றுக் காலத்தில் இந்நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அந்தச் சமயத்தில் அது நியாயமே.

இதனினும் பெரியது 2022 மார்ச்சு மாதத்தில் தொடங்கிய கனடா டிஜிட்டல் ஏற்புத் திட்டம். 2021-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென நான்கு ஆண்டுகளுக்கு 400 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. 1,60,000 தொழில்களுக்கு உதவி, 28,000 இளைஞர்களுக்குப் பயிற்சியும் வேலையும் என்பன அதன் இலக்குகள். திட்டம் இரு கிளைகளாகப் பிரிந்தது. மிகச் சிறிய கடைகளுக்கு 2,400 டாலர் வரை சிறு மான்யமும், இணைய வியாபாரத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களின் ஆலோசனையும் கிடைத்தன. ஆண்டுக்கு 5 இலட்சம் டாலருக்குக் குறையாத வருவாயுள்ள சற்றுப் பெரிய ஸ்தாபனங்களுக்கு, ஆலோசகரைக்கொண்டு ஒரு திட்டம் எழுதிக்கொள்ளும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம், 15,000 டாலர் வரை, மான்யம் உண்டு. அந்தத் திட்டத்தை நிறைவேற்ற 1,00,000 டாலர் வரை வட்டியில்லாக் கடனும், ஓர் இளைஞரை வேலைக்கு அமர்த்த 7,300 டாலர் வரை சம்பள மான்யமும் அதன் பின்னர் வரும்.

வாசகர்கள் இங்கே ஒரு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும். திட்டத்தை எழுதித் தருபவருக்கு 15,000. அதைச் செய்து முடிக்க வரும் இளைஞருக்கு 7,300. ஏட்டுக்குக் கொடுத்த விலையில் பாதிதான் ஏருக்குக் கிடைத்தது. ஆலோசகர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதை வாங்குவது என்று தெரியாமல் வாங்கி, மூலையில் போட்டுவைப்பதைவிட ஆலோசனைக்குச் செலவிடுவது மேல். ஆயினும், கடையில் உட்கார்ந்து வேலை செய்யும் மனிதரின் மதிப்பை இவ்விகிதம் குறைத்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம். 2024-ஆம் ஆண்டில் இரு கிளைகளும் புதிய மனுக்களைப் பெறுவதை நிறுத்திக்கொண்டன.

மனிதர் இல்லாத மான்யம் எப்படி முடியும் என்பதற்கு ஆங்கில நாடு உதாரணமாகிறது. அங்கே 2022 ஜனவரியில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டில், சிறு தொழில்கள் கணினிச் செயலிகளை வாங்கினால் விலையில் பாதி, 5,000 பவுன் வரை, தள்ளுபடி கொடுத்தார்கள். ஒரு இலட்சம் தொழில்கள் வரை பயன்பெறும் என்று எதிர்பார்த்தனர். சொற்பம் பேரே வந்தனர். போதிய பேர் கேட்டு வராத காரணத்தினால் 2023 பிப்ரவரியில் அதை மூடிவிட்டனர். பாதி விலைக்குக் கிடைக்கும் என்றாலும், எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பொருத்துவது, முதல் நாளில் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாத கடைக்காரர் தள்ளுபடிச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதே நாட்டில், சர்வகலாசாலைப் பட்டதாரி ஒருவரை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஒரு ஸ்தாபனத்தில் அமர்த்தி, செலவில் மூன்றில் ஒரு பங்கைச் சிறு ஸ்தாபனம் ஏற்கும்படி செய்யும் அறிவுப் பரிமாற்றக் கூட்டு என்ற முறை, 1975-இல் வேறு பெயருடன் தொடங்கி இன்றளவும் நடந்துவருகிறது. சீட்டு ஓராண்டில் மறைந்தது. மனிதரை அனுப்பும் முறை ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

மாணவர் செய்யும் வேலை

கணினி தெரிந்த மாணவர் கடைக்கு வந்தவுடன் வலைத்தளம் எழும்பிவிடும் என்று எண்ணுவது தவறு. வலைத்தளத்தின் கூட்டை அமைப்பது இந்நாளில் ஓரிரு நாள் வேலை. மாதவாடகைக்கு ஆயத்தக் கடைகளைக் கொடுக்கும் கம்பெனிகள் பல உண்டு. கனடாவின் ஆட்டவா நகரத்து ஷாப்பிஃபை அவற்றுள் ஒன்று. அந்தக் கூட்டுக்குள் சரக்கை ஏற்றுவதுதான் பெருவேலை.

நேரில் வரும் வாடிக்கைக்காரர் "அந்த நீலத்தை எடுங்கள்" என்று விரலால் காட்டிவிடுகிறார். கடைக்காரரும் எடுத்துப் போட்டுவிடுகிறார். இணையக் கடையில் விரலுக்கு இடமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும், ஓர் எண் வேண்டும், நீளம் அகலம் வேண்டும், எடை வேண்டும், தபாற்செலவு சேர்ந்த விலை வேண்டும், படம் வேண்டும். நம் நெசவாளர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒரே டிசைனில் பத்துச் சேலைகள் நெய்தாலும், சாயம் வேறு நாளில் தோய்த்ததானால் நிறத்தில் நூலிழை வித்தியாசம் இருக்கும். நேரில் எடுப்பவர் அதைப் பார்த்தே எடுக்கிறார். படத்தைப் பார்த்து வாங்கியவரோ, வந்த சேலையின் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புகிறார். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் ஒரு நிறமும், காலை வெயிலின் நிழலில் எடுத்த படத்தில் மற்றொரு நிறமும் தெரியும். ஆகவே எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பின்புலத்தில் படம் எடுப்பது என்பதை ஒழுங்குபடுத்துவதே ஒரு வார வேலையாகும். விளைவிப்போருக்கும் அப்படியே. விரலி மஞ்சளா, குண்டு மஞ்சளா, அரைத்த தூளா, எந்த ஆண்டு அறுவடை, எத்தனை கிலோப் பை என்று பிரித்து எழுதாமல் விற்க முயன்றால், ஒவ்வொரு வாடிக்கைக்காரரும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார். அப்படியானால் வலைத்தளம் எதற்கு?

அடுத்தது இருப்பு. கடையில் ஒன்றே ஒன்றாக இருக்கும் சரக்கு மத்தியானம் நேரில் விற்றுப்போகும். அதை இணையக் கடையிலிருந்து எடுக்காவிட்டால், இரவில் வேறோர் ஊரிலிருந்து ஒருவர் அதற்குப் பணம் கட்டிவிடுவார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். போன பெயரைத் திருப்பிப் பெறுவது கடினம். இயந்திரத்தில் ஒரே மாதிரி ஆயிரம் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொன்றும் தனியாக உருவாகும் கைத்தொழிற் பொருளுக்கே இது மிகுதி. இதற்கு மருந்து கணினியில் இல்லை. விற்றவுடன் இருப்புப் பதிவேட்டில் கழிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் உள்ள கடையில் மாணவரின் வேலை விரைவில் முடியும். இல்லாத கடையில், மாணவர் முதலிற் செய்யவேண்டியது பேரேடு எழுதுவதுதான்.

கடையைப் பற்றிய விவரம் அநேகமாகக் கடைக்காரரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. எந்தச் சரக்கு எந்த மாதத்தில் ஓடும், எந்த வாடிக்கைக்காரர் எப்பொழுது பணம் கொடுப்பார், எது அடக்கவிலைக்கும் கீழே போகிறது என்பவையெல்லாம் அவருக்குத் தெரியும், காகிதத்தில் இல்லை. இருபது வயது மாணவர் ஒருவர் எதிரில் அமர்ந்து, "இதன் விலை என்ன? அது ஏன் அந்த விலை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்பொழுது, கடைக்காரர் தம் வியாபாரத்தையே முதன்முறையாக முழுதும் எண்ணிப் பார்க்க நேரிடுகிறது. இந்தக் கேள்விகளுக்காகவே மாணவரை அழைக்கலாம் என்று சொன்னாலும் மிகையாகாது.

நான்கு மாதம் கழிந்த பின்பு

ஆனால் செப்டம்பர் வந்தால் மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார். மான்யமும் அத்துடன் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதே இவ்வகை ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் உரிய பரீட்சை.

மான்யம் ஒரு முறை வருவது. இணையக் கடையின் வாடகை மாதந்தோறும் வருவது. வலைத்தளத்தின் பெயரும் விலைக்கு வாங்கியதன்று. குத்தகை நிலத்தைப்போல, குறித்த காலத்துக்கு ஒரு முறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளவேண்டியது. புதுப்பிக்கத் தவறினால், சில வாரங்களுக்குப் பின் அப்பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். வேறு எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் செலுத்தும்படி நினைவூட்டும் அறிவிப்பு எந்த மின்னஞ்சல் முகவரிக்குச் செல்லும்? பதிவு செய்த நாளில் கொடுத்த முகவரிக்குத்தான். அவசரத்தில் மாணவர் தம் சொந்த முகவரியைக் கொடுத்திருந்தால், அறிவிப்பு அவருக்கே செல்லும். அவர் அப்பொழுது வேறோர் ஊரில், வேறொரு வேலையில் இருப்பார்.

இதனினும் சங்கடமானது தொலைபேசி எண். இக்காலத்தில் எந்தக் கணக்கிற்குள் நுழைவதானாலும், கடவுச்சொல்லுக்கு மேலாக ஒருமுறை எண் ஒன்று கைப்பேசிக்கு வருகிறது. மாணவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் கடையைத் திறந்துவிட்டால், கடைக்காரர் தம் கடைக்குள் நுழைவதற்கு ஒவ்வொரு முறையும் மாணவரைக் கூப்பிட்டு எண் கேட்கவேண்டும். மாணவர் எண்ணை மாற்றிவிட்டாலோ, பல ஆண்டு வியாபாரத்தின் வாடிக்கைக்காரர் ஜாபிதாவும், படங்களும், வந்து சேரவேண்டிய பணமும் பூட்டிய அறைக்குள் நின்றுவிடும். இதில் மாணவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கையெழுத்து யாருடையது என்று கேட்காமல் பத்திரம் எழுதிக்கொண்டதன் பலன் இது. கடன் பத்திரத்திலும் பங்குப் பத்திரத்திலும் நாம் காட்டும் ஜாக்கிரதையை இதிலும் காட்டவேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை, கணினி விஷயம் ஏதோ விளையாட்டுப்போல் தென்படுகிறபடியால்.

மூன்றாவது கஷ்டம் பழக்கத்தைப் பற்றியது. மாணவர் சுறுசுறுப்பானவர், கடைக்காரர் கேட்டவுடன் தாமே விரைவாகச் செய்து முடித்துவிடுவார். கடைக்காரருக்கும் அது சௌகரியம். நான்கு மாதமும் எல்லாம் நன்றாகவே நடக்கும். ஐந்தாம் மாதத்தில் ஒரு விலையை மாற்றவேண்டுமென்றால், எந்த இடத்தில் தொடவேண்டும் என்பது கடையில் எவருக்கும் தெரியாது. சுறுசுறுப்பில்லாத மாணவரைவிட, அதிகச் சுறுசுறுப்புள்ள மாணவரால் இந்த நஷ்டம் மிகுதியாக நேரக்கூடும் என்பது விந்தைதான். டொராண்டோ முறையில் கல்லாவுக்கருகே நின்று காட்டிக்கொடுத்ததை மேலே பாராட்டினோமே, அதன் காரணம் இதுவே. செய்து கொடுப்பது வேறு, செய்யக் கற்றுக்கொடுப்பது வேறு. மான்யக் கணக்கில் இரண்டும் ஒரே செலவாகவே எழுதப்படுகின்றன.

மாணவரின் பக்கத்தையும் கூறவேண்டும். பெரிய கம்பெனியில் பயிற்சிக்குச் செல்பவருக்கு மேலே ஒரு மூத்தவர் இருப்பார், தவறினால் திருத்துவார். சிறு கடையில் கணினி தெரிந்தவர் மாணவர் ஒருவரே. அவர் தேர்ந்தெடுத்தது சரியா என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே பல கடைகளுக்குப் பொதுவாக ஒரு தேர்ந்த மேற்பார்வையாளரை வைப்பது இவ்வகை ஏற்பாட்டுக்கு இன்றியமையாதது. தனிக் கடைக்கு இது எட்டாத காரியம், சங்கத்திற்கு எட்டும்.

நம் நாட்டில்

தொழிற் பழகுநர் சட்டம் நம் நாட்டில் 1961-இலேயே வந்துவிட்டது. 2016-இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்கத் திட்டத்தில், பழகுநருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்றது. 2024-இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி பயிற்சிப் பணித் திட்டம் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாக அமைந்தது. அதில் 4,500 சர்க்காருடையது, 500 கம்பெனியுடையது. ஆனால் இந்த இளைஞர்கள் அனுப்பப்பட்ட இடம் நாட்டின் மிகப் பெரிய 500 கம்பெனிகள். கணினியும், கணினி அறிந்தவர்களும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடம் அது. இளைஞருக்கு நல்ல அநுபவம் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாதம் 4,500 ரூபாய் பொதுப்பணத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்பு முழுவதும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கக்கூடும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு நெருங்கியது தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் 2020 ஜூன் மாதத்தில் தொடங்கிய 'சஹகார் மித்ரா' என்னும் ஏற்பாடு. வேளாண்மை, கணினி முதலிய துறைகளில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, நான்கு மாத காலம் கூட்டுறவு அமைப்புகளில் பயிற்சி பெறச் செய்வது அதன் வடிவம். காலம் நான்கு மாதம் என்பதைக் கவனியுங்கள். வாட்டர்லூ மாணவரின் காலமும் அதுவே. 2022-இல் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய சர்க்கார் அநுமதி அளித்தது. பெட்டியும் திரையும் வந்து சேரும் ஊர்களில், அவற்றின் முன் அமர்ந்து காட்டிக்கொடுக்க ஓர் இளைஞரும் வந்தாலன்றி, ஆங்கில நாட்டுத் தள்ளுபடிச் சீட்டின் கதி இங்கும் நேரும் அபாயம் உண்டு.

ஆகவே, ஒரு சங்கம் மாணவரையோ பட்டதாரியையோ பயிற்சிக்கு ஏற்பதாயின், முதல் நாளுக்கு முன்பே நிர்வாகக் குழு தீர்மானத்தில் எழுதிவைக்கவேண்டியவை சில உண்டு. சங்கத்தின் பெயரால் ஒரு மின்னஞ்சல் முகவரியும், சங்க அலுவலகத்திலேயே இருக்கும் ஒரு கைப்பேசி எண்ணும் வேண்டும். எந்தக் கணக்கும் அவற்றின் பேரிலேயே திறக்கப்படவேண்டும். கடவுச்சொற்களை ஒரு காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, ரொக்கப்பெட்டியில் வைக்கலாம். மாற்றும்பொழுது உறையையும் மாற்றவேண்டும். வலைத்தளப் பெயரின் தவணைத் தேதியைத் தணிக்கைத் தேதியுடன் சேர்த்துச் சங்க நாட்குறிப்பில் குறித்துக்கொள்ளவேண்டும். மாதவாடகை எவ்வளவு, மான்யம் நின்றபின் அதை எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யவேண்டும். சங்கத்தின் எழுத்தர் ஒருவரையும், கூடுமானால் அங்கத்தினர் வீட்டுப் பெண் ஒருவரையும், மாணவருடன் நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காரும்படி நியமிப்பது நலம். எழுத்தருக்கு மாற்றல் வந்தாலும், அங்கத்தினர் வீட்டார் ஊரிலேயே இருப்பர்.

கடைசிப் பதினைந்து நாளும் மாணவர் கணினியைத் தொடலாகாது என்று ஒரு விதி வைப்பது உத்தமம். அந்நாட்களில் படம் ஏற்றுவதும், விலை மாற்றுவதும், வந்த ஆர்டருக்குப் பொதி கட்டிச் சீட்டு ஒட்டுவதும் எழுத்தரின் வேலை. மாணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, கேட்டால் மட்டும் வாயால் சொல்லவேண்டும். எழுத்தர் எங்கே தயங்குகிறார் என்பதை மாணவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் குறித்துக்கொண்டு, புறப்படும் நாளன்று அதைச் சங்கத்தில் கொடுத்துவிட்டுச் செல்லட்டும். அந்த நோட்டுப் புத்தகம் கையில் வந்த பின்பே காரியதரிசி பயிற்சிச் சான்றிதழில் கையொப்பமிடவேண்டும்.